இருபது எண்ணும் முகம்

முப்பத்தேழாவது கடை திறக்கப்பட்ட அன்று, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, பயற்றுப் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருந்த பெண் உதடுகளைக் குவித்து, விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருந்த நகர்மன்றத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் துப்பினாள். கறை பச்சை நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதன் ஓரங்களில் மென்று அரைபட்ட பயற்றின் தோல் ஒட்டியிருந்தது. அலமாரியில் அதே முகத்தோடு இன்னும் அறுநூறு பொட்டலங்கள் இருந்தன. அவை தத்தம் முறைக்குக் காத்திருந்தன. தலைவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வாழ்த்துரையைப் படித்து முடித்தார். உரை முந்திய நாளே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதில் துப்பலுக்கு இடம் விடப்படவில்லை.

துப்பியவள் யாரென்பது ஊருக்கே தெரியும். கடைகளின் முதலாளிக்கு அவள் அண்ணி. இறந்துபோன அண்ணனின் மனைவி. அந்த அண்ணன் பதினோரு ஆண்டுகள் முதுகில் மருந்துக் கலத்தைக் கட்டிக்கொண்டு பிறர் வயல்களில் பூச்சிக்கொல்லி தெளித்தவன். அவன் குளித்த தண்ணீர் ஓடிய வழியில் புல் முளைத்ததில்லை. முப்பத்து மூன்றாம் வயதில் செத்தான். மருத்துவர் சான்றிதழில் மூச்சுத்திணறல் என்று எழுதினார். திணறடித்தது யார் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அவனை அடக்கம் செய்த மறுவாரமே அவள் முன்னறையில் கிடந்த கட்டிலைப் பிரித்துப் பின்கட்டில் போட்டாள். கட்டில் கிடந்த இடத்தில் பதினோரு மூட்டைகளை நிறுத்தினாள். மருந்து படாத கோதுமை, மருந்து படாத பயறு, மருந்து படாத அவரை. வாசலில் பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை, அவளிடம் இருந்தது ஒரு முறை மட்டுமே.

அந்த முறையைப் பிற்பாடு மறக்க வேண்டியவர்கள் வசதியாக மறந்துவிட்டதால், இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த உழவர் மூட்டை கொண்டுவந்தாலும் அவள் மேலாகப் பார்ப்பதில்லை. தோள்வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடக்கும் ஒரு மணியை எடுத்து, முன்பற்களுக்கிடையே வைத்துக் கடிப்பாள். கண்களைப் பாதி மூடி, மெல்ல மென்று, மனத்துக்குள் இருபது எண்ணுவாள். மருந்து பட்ட தானியம் பதினைந்து வரை இனிக்கும். பதினாறில் நாக்கின் ஓரம் மரத்துப்போகும். பத்தொன்பதில் தொண்டை கசக்கும். ஆகவே இருபது ஆகும்வரை அவள் யாரையும் குற்றம் சொன்னதில்லை. இருபது ஆன பின் யாருக்கும் தயவு காட்டியதுமில்லை. நல்லதென்றால் விழுங்குவாள். அல்லவென்றால், கொண்டுவந்தவர் கண்ணெதிரே வாசற்படியில் துப்புவாள். அவ்வாறு சரக்கு துப்பப்பட்ட உழவர் மறு ஆண்டு நல்ல மூட்டையோடு அவளிடமே வந்தார். ஊரார் அவளைப் பல்லுக்காரி என்று அழைத்தார்கள். "இருக்கறதாலதான சொல்றாங்க, இல்லாதவளையா சொல்லுவாங்க?" என்று அவள் தன் பற்களைக் காட்டுவாள்.

இரண்டாம் ஆண்டில் கொழுந்தன் வந்து சேர்ந்தான். அதுவரை அவன் ஊர் ஊராகச் சென்று சுவர்க்கடிகாரம் விற்றுக்கொண்டிருந்தான். நின்றுபோன கடிகாரத்தைக்கூட, "இதுக்கு அவசரமே கிடையாதுங்க, வீட்டுல நிம்மதி வரும்" என்று சொல்லி விற்கத் தெரிந்தவன். நியாயமாகச் சொன்னால், முதல் ஐந்து ஆண்டுகள் மூட்டைகளைத் தன் தோளில்தான் சுமந்தான். மருத்துவமனைக்கு அருகில் இரண்டாவது கடை, பள்ளிக்கு எதிரில் மூன்றாவது, மாலையில் உடல் இளைக்க நடப்பவர்கள் குடியிருந்த தெருவில் நான்காவது. எல்லாக் கடைகளிலும் இழைக்காத மரப்பலகை அலமாரிகள், கண்ணாடிச் சாடிகள், பழுப்புக் காகிதப் பைகள், மங்கிய மஞ்சள் விளக்கு. ஏழ்மையை அழகாக அடுக்கி வைத்தால் அதற்கு இருமடங்கு விலை கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்தவன் அவனே. முதல் கடைக்கும் இரண்டாவது கடைக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் இருந்தன. பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவே நாற்பது நாள்.

பன்னிரண்டாவது கடையின்போது, பொட்டலங்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்றான். புகைப்படக்காரர் கிடங்குக்கு வந்து, மூட்டைக்குள் கைவிட்டு நின்றவளைச் சிரிக்கச் சொன்னார்.

"வேலையா இருக்கேன்ல. வேணும்னா இப்படியே எடுத்துக்குங்க."

"வாயில என்னமோ இருக்கும்மா."

"பயறு. இப்பத்தான் போட்டேன். எண்ணணும், பேச வைக்காதீங்க."

அப்படியே எடுத்தார். பாதி மூடிய கண்கள், பற்களுக்கிடையே ஒரு மணி. கொழுந்தன் படத்தைப் பார்த்து, "சிரிக்கிற மூஞ்சி ஆயிரம் கிடைக்கும், இது கிடைக்காது" என்று மகிழ்ந்து, ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தை அச்சிட்டால் அது சிரித்துக்கொண்டே இருக்கும். வேலை செய்துகொண்டிருக்கும் முகத்தை அச்சிட்டால் அது வேலையை நிறுத்தாது. இதை அந்தக் கிடங்கில் இருந்த ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்கள் செய்த பிழை இதுதான். மற்றவை யாவும் வெறும் குற்றங்கள்.

மருந்து படாத நிலம் பதினேழு கடைகளுக்கு மட்டுமே விளைந்தது. கொழுந்தனின் ஆசைக்கோ பதினெட்டாவது கடை முளைத்திருந்தது. மொத்தச் சந்தையிலிருந்து ஒரு லாரி வந்து கிடங்கில் நின்றது. பல்லுக்காரி கையை விட்டாள், கடித்தாள், எண்ணினாள், துப்பினாள். அது கொழுந்தனின் புதுக் காலணியின் மேல் விழுந்தது.

"லாரியத் திருப்பி அனுப்பு, தம்பி."

"நாளைக்குக் கடை திறப்பு அண்ணி. அலமாரியில உங்க கொள்கையையா அடுக்கி வைக்கிறது?"

"காலியா வை. காலி அலமாரி யாரையும் கொன்னதில்ல."

"ஒரே ஒரு லாரி. யாருக்குத் தெரியப்போவுது?"

"உங்கண்ணனுக்கு."

அவன் பதில் அடுத்த வாரம் தபாலில் வந்தது. அவளுடைய அரும்பணிக்கு நிர்வாகம் நன்றி கூறியிருந்தது. அவளுக்கு ஓய்வு தேவை என்பதை அவளைக் கேளாமலே கண்டறிந்திருந்தது. அவள் வேலைக்கு வைத்த காவலாளியே தலையைக் குனிந்தபடி அவளைக் கிடங்கு வாசலில் தடுத்தான். அவள் அவனிடம் சண்டையிடவில்லை. நேரே தலைமை அலுவலகத்துக்குச் சென்று, கொழுந்தனின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"காசு வேணாம், பங்கு வேணாம். என் மூஞ்சியக் குடுத்துடு, போயிடறேன்."

"அது கம்பெனி சொத்து அண்ணி, கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க ஓசியில மாட்டிக்கிட்டு நடங்க, நாங்க வாடகை கேக்க மாட்டோம்."

அறையில் இருந்த மூவரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார்கள்.

"சரி, வச்சுக்க," என்றாள் அவள். "ஆனா ஒண்ணு தம்பி, அது சும்மா இருந்து பழகுன மூஞ்சி இல்ல."

அன்று மாலை முதல் கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. கழுத்து தெரிந்தது, காதுகள் தெரிந்தன. நடுவில் பின்சுவர் தெரிந்தது. எதிரில் வருகிறவர்களுக்கு அவள் முகம் வழக்கம்போல் இருந்தது, அவளுக்கு மட்டுமே இல்லை. கண் மருத்துவர் சோதித்துவிட்டு, பார்வையில் குறையில்லை, உரிமையில்தான் குறை இருக்கிறது என்றார். அவள் விரல்களால் தடவிப் பார்த்துத் தலைவாரக் கற்றுக்கொண்டாள். தலைமை அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்த சலவைக்கடையில் துணி தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அதைவிட அதிகச் சம்பளம் கிடைக்கும் இடங்கள் நகரத்தில் பல இருந்தன. எதிரே இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு புதுக் கடை திறந்தபோதும் அங்கிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவரச் செய்து, தேய்க்கும் மேசையில் நிறுத்திவைத்துக்கொண்டாள். அவள் தன் முகத்தைப் பார்க்க முடிந்த ஒரே இடம் அந்தக் காகிதம்தான். அதில் அவள் வகிடு திருத்தினாள், முதல் நரையைக் கண்டாள். அச்சகம் பழைய அச்சையே பயன்படுத்தியது. ஆயினும் நரை காகிதத்திலும் வந்திருந்தது. தாடை கடைக்கு ஒரு முறை அசைந்திருந்தது. பதினெட்டாவது கடையின் பொட்டலத்தில் ஒன்று. பத்தொன்பதாவதில் இரண்டு. வாடிக்கையாளர்கள் அச்சுப்பிழை என்று முறையிட்டார்கள். அச்சகத்தார் மும்முறை மையை மாற்றினார்கள், ஒரு முறை இயந்திரத்தையே மாற்றினார்கள். முப்பத்து மூன்றாவது கடையில் அந்த முகத்தின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"எத்தனைடி ஆச்சு?" என்று சலவைக்கடை முதலாளியம்மா கேட்டாள்.

"பதினாறுக்கா."

"அப்ப இன்னும் நாலு. உன் பொறுமை எனக்கு வராதும்மா."

"பொறுமைன்னு யார் சொன்னா? இஸ்திரிப் பெட்டி கூடத்தான் பார்க்க சும்மா இருக்கு. தொட்டுப் பாருங்க."

எண்ணிக்கை இருபதை அடைந்த நாளில் நகர்மன்றத் தலைவரின் சட்டைக்கு நேர்ந்தது முன்பே கூறப்பட்டது. அடுத்த ஒன்பது நாள்களில் பதினெட்டிலிருந்து முப்பத்தேழு வரையிலான கடைகள் அனைத்திலும் பொட்டலங்கள் துப்பின. கோதுமை பழுப்பாகவும், அவரை வெண்மையாகவும், எள் கறுப்பாகவும் வந்தது. முதல் பதினேழு கடைகளில் பழைய உழவர்களின் சரக்கு இருந்த அலமாரிகள் மட்டும் உலர்ந்திருந்தன. நிர்வாகம் முகத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிப் பார்த்தது. ஒட்டுத்தாள் ஈரத்தில் உரிந்தது. பொட்டலங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது; சுவர் நனைந்து காரை பெயர்ந்தது. முகத்தை நீக்கிவிட்டு ஒரு பச்சை இலையை அச்சிட்டது. அந்த இலை யார்மேலும் துப்பவில்லை; ஆதலால் யாரும் அதை வாங்கவில்லை. ஏனெனில் அதற்குள் மக்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். பொட்டலத்தைக் கைநீளத்தில் பிடித்து, இருபது எண்ணி, உலர்ந்திருந்தால் கூடையில் போட்டார்கள். சான்றிதழ் பொய் சொல்லும், முத்திரை பொய் சொல்லும், முதலாளி சொல்லவே வேண்டாம். எச்சிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன்பே இருபதுவரை எண்ணப் பழகினார்கள்.

அந்தக் கறைகள் எதிர்க்கடைச் சலவையில் மட்டுமே போயின. தலைவரின் சட்டைக்கு அவள் மற்றவர்களிடம் வாங்கும் கூலியையே வாங்கினாள். கொழுந்தனின் வேலையாள் கொண்டுவந்த துணி மூட்டையை மட்டும் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

வேறு வழியின்றி நிர்வாகம் உழவர்களிடம் திரும்பிச் சென்றது. முன்பு வாசலில் காக்கவைத்தவர்களின் வாசலில் போய்க் காத்திருந்தது. கேட்ட விலையைக் கொடுத்தது. மருந்துக் கலங்களைக் கைவிட்டவர்களுக்கு மூன்று விளைச்சலுக்கு முன்பணம் தந்தது. நான்காம் ஆண்டில் எல்லாக் கடைகளிலும் எல்லாப் பொட்டலங்களும் உலர்ந்தன. கடைகள் நாற்பத்தைந்தாயின. துப்பல் முடிந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

முடியவில்லை. தலைமை அலுவலகத்தின் முகப்பில் ஏழு மாடி உயரத்துக்கு அதே முகம் வரையப்பட்டிருந்தது. பணியாளர்கள் அதன் கீழே போனார்கள், வந்தார்கள், ஒன்றும் விழவில்லை. கொழுந்தன் காரைவிட்டு இறங்கி வாசலுக்கு நடக்கும் பதினான்கு அடிகளில், அவன்மேல் மட்டும் விழுந்தது. ஒரு குடம் அளவு, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, விடுமுறை நாள்களில் வந்தால் அப்போதும். சாயம் பூச மேலே ஏறிய தொழிலாளர்கள், இந்த முகத்தின்மேல் தூரிகை வைக்க மாட்டோம் என்று இறங்கிவிட்டார்கள். பின்வாசல் வழியாகப் போனான். இரண்டே நாளில் முகம் பின்சுவருக்கு வந்திருந்தது. வீட்டிலிருந்தே அலுவல் பார்த்தான். வீட்டுச் சமையலறையில் அவன் மனைவி வைத்திருந்த சிறு பொட்டலம், தன் சக்திக்கு இயன்றதைச் செய்தது. பயற்றில் இருந்த பொய் தீர்ந்திருந்தது. அவனிடம் இருந்தது தீரவில்லை.

ஒருநாள் முற்பகலில், நல்ல வெயிலில், சொட்டச் சொட்ட நனைந்தபடி தெருவைக் கடந்து சலவைக்கடைக்கு வந்தான். கையில் மழைக்காகிதத்தில் சுற்றிய ஒரு தாள் இருந்தது. பல்லுக்காரி தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அண்ணி, நிறுத்தச் சொல்லுங்க."

"யார?"

"மூணு வருஷமா என் கூட ஒரே மேசையில யாரும் உக்காந்து சாப்பிடல அண்ணி. என் பொண்ணு கல்யாணத்துல என்னைய தனியா ஒரு பந்தலுக்கு அடியில நிக்க வச்சாங்க."

"சட்டையக் கழட்டாத, இங்க எடுக்க மாட்டோம்."

அவன் தாளைப் பிரித்து மேசையில் வைத்தான். அவளுடைய பழைய கையெழுத்துக்குக் கீழே அவனுடைய புதிய கையெழுத்து இருந்தது. "உங்க மூஞ்சி. எழுதிக் குடுத்துட்டேன். கம்பெனிக்கு இனிமே உரிமை இல்ல. நீங்க கேட்டதுதான? எடுத்துக்குங்க."

முதலாளியம்மா சட்டென்று எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். இத்தனை ஆண்டுகளாகக் காலியாக இருந்த இடத்தில், புகை கலைவதைப்போல, மூக்கின் நுனியும் ஒரு புருவமும் தெரியத் தொடங்கின. பல்லுக்காரி அதைப் பார்த்தாள். புருவத்தில் எத்தனை நரை என்று எண்ணும் நேரம்வரை பார்த்தாள். அவள் கை ஒரு முறை தன் கன்னத்துக்குச் சென்றது. பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அந்தத் தாளின்மேல் வைத்தாள். தாள் பழுத்து, கறுத்து, மேசையோடு ஒட்டிப்போனது. கண்ணாடியில் மீண்டும் சுவர் தெரிந்தது.

"வேண்டாம் தம்பி," என்றாள். "அது வேலையில இருக்கு. பாதியில கூப்பிடக் கூடாது."

"இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி?"

"உங்கண்ணன் பதினோரு வருஷம் நனைஞ்சான்."

அவன் தெருவைக் கடந்து திரும்பிப் போனான். வாசலுக்குப் பதினான்கு அடி இருக்கும்போது நின்று, மேலே நிமிர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். அடுத்த ஆண்டில் ஐம்பத்திரண்டாவது கடை திறக்கப்பட்டது. அழைப்பிதழின் அடியில், நாளுக்கும் நேரத்துக்கும் கீழே, முதலாளியிடமிருந்து ஐந்தடி தள்ளி நிற்கவும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்கள் காரணம் கேட்கவில்லை. ஐந்தடி தள்ளி நின்று, கைதட்டினார்கள்.