இரண்டு கூட்டம், ஓர் அறை

பதினெட்டு வருடம் மென்பொருள் எழுதியவள் நான். அதில் ஏழு வருடம் முப்பது பேரைக் கட்டி மேய்த்தவள். என் எதிரே ஒரு மடிக்கணினியை நகர்த்தி வைத்து, "எழுதுங்க மேடம், நாற்பது நிமிஷம்" என்றார் நேர்காணல் எடுக்க வந்த கண்ணாடிக்காரர். பரீட்சை ஹாலே தோற்றுப்போகும்.

மடிக்கணினியை அருகே இழுத்துக்கொண்டேன். வேலை போய் எட்டு மாதம். இதுவும் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு என் கணவரின் அண்ணன் வீட்டு மாடிக்குப் போக வேண்டும். என் ஓரகத்தி இடம் கொடுப்பார். கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லியும் காட்டுவார்.

கேள்வி இதுதான். கூட்டங்கள் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தரப்படும். எல்லாவற்றையும் நடத்தக் குறைந்தது எத்தனை அறை வேண்டும்? அதைச் சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும்.

"ஒரு மீட்டிங் பத்து மணிக்கு முடியுது, அடுத்தது பத்து மணிக்கே ஆரம்பிக்குது. ஒரே ரூம் போதும்தானே சார்?"

"அதெல்லாம் யோசிக்காதீங்க மேடம். டைம் ஓடுது."

யோசிக்கக் கூடாதாம்! கேட்காமல் எழுதித் தள்ளியவர்களின் தப்பைத் திருத்தியே என் பாதித் தலை நரைத்தது.

ஒரே அறை போதும் என்று வைத்து எழுதி, சமர்ப்பித்தேன். கணினியே விடையைச் சரிபார்க்கும் பத்துச் சோதனையில் ஒன்பது பச்சை, ஒன்று சிவப்பு. திறந்து பார்த்தால் நான் கேட்ட அதே சங்கதி. இரண்டு அறை வேண்டும் என்று விடை எழுதி வைத்திருந்தார்கள்.

"இதைத்தானே சார் கேட்டேன்? ஒரே ஒரு குறியை மாத்தினா போதும். மாத்தட்டுமா?"

"சப்மிட் பண்ணிட்டீங்களே. இனி திறக்காது."

அப்போது கதவு தட்டப்பட்டது. மடிக்கணினியும் கையுமாக ஐந்தாறு பேர் நின்றார்கள். "பதினொண்ணுக்கு இந்த ரூம் எங்களுது."

"இதோ, முடிஞ்சிடுச்சு" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர்.

என்னால் அடக்க முடியவில்லை. "நம்மளுது பதினொண்ணுக்கு முடியுது, இவங்களுது பதினொண்ணுக்கு ஆரம்பிக்குது. இப்ப இன்னொரு ரூம் கட்டப் போறீங்களா சார்?"

வந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்து வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க சொல்றதுதான் மேடம் சரி. ஆனா ஃபார்ம்ல பாஸ், ஃபெயில் ரெண்டுதான் இருக்கு. எல்லாம் பச்சையா இருந்தாத்தான் பாஸ் போட முடியும்."

சொல்லிக்கொண்டே, என் கண்ணெதிரே, கைப்பேசியில் ஃபெயிலைத் தட்டினார். தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

தெருவுக்கு வந்ததும் கணவர் கூப்பிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"நான் எழுதினது சரியாம். அவரே சொன்னாரு."

"அப்போ வேலை கிடைச்ச மாதிரிதான்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"கடைக்குப் போனா சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு வாங்கிட்டு வாங்க. கொஞ்சம் பெருசாவே பாத்து வாங்குங்க."