சாத்தூரில் ஏறுகிறவர்கள்

"நீ கொடி ஆட்டித்தான் எம்மக வாழப் போகணுமாட்டி?"

பேச்சித்தாய் இப்படிக் கேட்டது கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு. கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. கேட்டது மருமகள் தங்கமாரியிடம். அவள் வேலையே அதுதான். கோவில்பட்டி ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது நடைமேடை ஓரம் பச்சைக் கொடி பிடித்து நிற்க வேண்டும். புருஷன் சோலைராஜ் தண்டவாள வேலையில் இருந்தபோதே செத்துப்போனான். அதற்காக ரயில்வே கொடுத்த வேலை. இரண்டு வருடமாக ஊரில் பாதிப் பேர் அவள் கொடியைத் தாண்டித்தான் சென்னைக்குப் போய்வருகிறார்கள். எவர் குடியும் கெட்டதாகச் சேதியில்லை.

நாத்தனார் ஐஸ்வர்யாவுக்குத் தாம்பரத்தில் கல்யாணம். பெண்வீட்டார் காலை வண்டியில் போவதாக ஏற்பாடு. தங்கமாரி முதலில் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். 'தாலியறுத்தவ பந்தல்ல நின்னா நாலு பேர் என்ன சொல்லுவாவ' என்றார்கள். லீவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்போது அன்றைக்கு வேலைக்கும் போகக்கூடாதாம்.

"கல்யாணத்துக்கும் வராத, வேலைக்கும் போகாதன்னா நான் எங்கதான் அத்த இருக்க?"

"உள்ள இரி."

மாமனார் கொம்பையா முப்பது வருடம் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குறுகிய பாதையில் கரி வண்டி ஓடியது, குட்ஸ் ஷெட்டில் பஞ்சுப் பொதியும் தீப்பெட்டிப் பண்டலும் மலையாகக் கிடந்தது, பாதை அகலமானது, கரண்டுக் கம்பி வந்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஸ்டேஷன் வாசல் காப்பிக்கடை கதைக்கு வரும்போது மட்டும் வாயில் வசவு வந்துவிடும். பொதி சுமந்த அவருடைய அப்பாவை அங்கே தள்ளி நிற்கவைத்துக் கையில்தான் தண்ணீர் ஊற்றினார்கள்.

அவரும் வந்து, "ஒரு நாள்தான, தள்ளி இருந்துக்கோ" என்றார்.

தங்கமாரி நிமிர்ந்தாள். "தள்ளி நில்லுன்ன அந்தக் கடைக்காரன இன்னைக்கும் வையுதீய. இப்பம் நான் எத்தன அடி தள்ளி நிக்கணும்? நீங்களே அளந்து சொல்லுங்க மாமா."

"அதும் இதும் ஒண்ணாட்டி?" என்று எழுந்துபோனார். மறுநாளே முடிவு சொன்னார். வேன் பிடித்துச் சாத்தூர் போய், அங்கே ஏறிக்கொள்வது.

கிளம்புகிற அன்று அதிகாலை ஐந்தரைக்கு நல்ல நேரம். தங்கமாரிக்கு ஆறு மணிக்கு டூட்டி. யூனிபாரம் போட்டுக்கொண்டிருந்தவளை உள்ளறையில் வைத்துப் பேச்சித்தாய் வெளியே கொண்டி போட்டாள்.

"அத்த, நேரமாச்சு. லேட்டாப் போனா மெமோ குடுப்பாவ."

"ஒரு மெமோ வாங்கினா செத்தா போயிருவ? வேன் தெரு முக்கு திரும்பட்டும். பெறகு பக்கத்து வீட்டுக்காரி தொறப்பா."

சீர்ப் பாத்திரம் ஏற்றுவதில் நேரம் போனது. மணி ஐந்தே முக்கால். ஜன்னல் வழியாக ஐஸ்வர்யா குரல் கேட்டது.

"யப்பா, சாத்தூருக்கு வார வண்டி எந்த வழியா வருது?"

"நம்மூர் வழியாத்தான்."

"அப்பம் மதினி கொடி காட்டி அனுப்புன வண்டியிலதான அங்கன ஏறப் போறோம்?"

வேன் டிரைவர் சிரித்துவிட்டு இருமலாக்கினான். முப்பது வருடம் ரயில்வேயில் இருந்த கொம்பையா பிடரியைச் சொறிந்தார்.

"நம்ம கண்ணுல படலேல்லா," என்றாள் பேச்சித்தாய். "ஏறுட்டி வேன்ல."

ஐஸ்வர்யா ஏறவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கொண்டியை நீக்கினாள். பின்னாலேயே ஓடிவந்த பேச்சித்தாய் உள்ளங்கையால் மகள் கண்ணைப் பொத்தினாள்.

"பாக்காத. பாக்காதட்டி."

ஐஸ்வர்யா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

தங்கமாரி வெளியே வந்தாள். சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள்.

"அஞ்சு நிமிசம் பொறுத்தா என்ன தாயி?" என்றார் கொம்பையா. இத்தனை வருடத்தில் அவர் அவளைத் தாயி என்றது அன்றைக்குத்தான்.

தெருவை அடைத்துக்கொண்டு வேன் நின்றது. முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் போக வழியில்லை. தங்கமாரி யூனிபாரத்து ஆரஞ்சுச் சட்டையின் பட்டையை இழுத்துக் கட்டினாள். வேனுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே நின்ற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு, வேனுக்கு நேர் குறுக்கே இறங்கி, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.