எல்லை விடுபட்ட வரைபடம்

எல்லையின் இருபுறத்து ஊர்களையும் சீட்டின்றிப் போய்வரும் ஒரே வட்டாரமாக்க இரு நாடுகளும் முடிவு செய்திருந்தன. எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வரைதான் வட்டாரம் என்றது வரைவு. இந்தப் பக்கத்து மருத்துவச்சி ஊர்களை விரல்விட்டு எண்ணினாள். அந்தப் பக்கத்து மேட்டுக் குடியிருப்பு பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இருந்தது; அங்கே மூன்று பெண்கள் நிறைமாதம். இதுவரை எல்லைச் சாவடிக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்தே தடையைத் தூக்கினார்கள். இனி வட்டாரத்தைத் தாண்ட இரண்டு நாள் முன்னதாக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். வலி அதுவரை பொறுக்குமா?

கருத்துக் கேட்க வந்த அதிகாரி, பள்ளி அறையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். "உங்க வட்டாரம் எதுன்னு நீங்களே வரைங்க."

தன்னை அழைப்பவர்களிடம் மருத்துவச்சி தூரத்தைக் கேட்பதில்லை. எத்தனை நிமிடத்துக்கொரு முறை வலி வருகிறது என்றே கேட்பாள். இப்போதும் நிமிடக் கணக்கிலேயே ஊர்களைப் புள்ளிகளாக வைத்தாள். நல்ல சாலை கொண்ட மேட்டுக் குடியிருப்பு அவள் வீட்டை நெருங்கி உட்கார்ந்தது. நான்கே கிலோமீட்டரில் இருந்தும், சதுப்பைச் சுற்றிப் போகவேண்டிய செங்கல் சூளை, தாளின் விளிம்புக்கு ஒதுங்கியது.

ஜீப் ஓட்டும் கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அண்ணி, இது வரைபடமா, கொட்டிப்போன கடுகா?"

"வாய மூடிட்டு வண்டி ஓட்டினா அஞ்சு நிமிஷம் மிச்சமாகும்டா."

அதிகாரி தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எல்லை எங்கம்மா?"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். மூன்று பெண்களின் வழியையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமோ? "ஐயையோ, கோடு போட மறந்துட்டேன் சார். ஆனா சாவடி இருக்கு, பாருங்க. பத்து நிமிஷம்."

அதிகாரி சிரிப்பை அடக்கினார். "சரி, உங்க வட்டாரம் எதோட முடியுது?"

"ஒரு மணி நேரத்தோட சார். அதுக்கு மேலன்னா நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள பொறந்துடும்."

அப்போது அவளுடைய கைபேசி அலறியது: மேட்டுக் குடியிருப்பு. "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம்?" என்று கேட்டபடியே பையைத் தூக்கினாள். அதிகாரியும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

"ஏத்தத்துல இறங்கித் தள்ளணும் சார்," என்றான் கொழுந்தன். "பதவியெல்லாம் அங்க செல்லாது."

வண்டியைத் தள்ளிய இருபது நிமிடத்தையும் சேர்த்து ஐம்பத்திரண்டு நிமிடங்கள் ஆயின. குழந்தை அதற்குப் பிறகுதான் பிறந்தது.

மூன்று வாரம் கழித்து, இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட திருத்தம் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டது. அதில் கிலோமீட்டர் இல்லை. எல்லையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் வரை வட்டாரம் என்றிருந்தது. வண்டி தள்ளும் நேரம் உட்பட.