ஐந்தாவது பாட்டு

1

இந்தக் கதை என் பெருமையடிப்பிலிருந்து பிறந்தது. கொழும்பில் ஒருவர், "திருகோணமலையில என்ன இருக்கு?" என்று கேட்டார். துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள் என்று நான் சொல்லவில்லை. "ஒரு பாட்டுக்காகச் சண்டை பிடிக்கிற ஆக்கள் இருக்கினம்" என்றேன். அவர் சிரித்தார். ஆகவே எழுதுகிறேன்.

தொடக்கம்: துறைமுகத்து நீரில் மாலை வெயில் சாய்ந்து

(வேண்டாம். அன்று மழை. துறைமுகம் கண்ணுக்கே தெரியவில்லை.)

2

ஞாயிறு பின்னேரங்களில் கிண்ணியாவில் ஸுல்பிகாவின் வீட்டில் கூடுவோம். அவள் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். கீர்த்தனி பாலையூற்றிலிருந்து வருவாள்; வங்கியில் வேலை. மூன்றாவது ஆள் நான். கிழமைக்கொரு புது இசை அல்பம். முறை வைத்து ஒருத்தி தெரிவுசெய்வாள். முழுவதும் கேட்டபின் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாலி நாட்டுக் கித்தார் இசையைக் கேட்டு நாங்கள் பிட்டும் மீன் குழம்பும் ஆறும்வரை வாதாடியிருக்கிறோம்.

3

அந்த ஞாயிறு கீர்த்தனியின் முறை. கணவன் இராகுலனையும் கூட்டிவந்தாள். சீனன்குடாப் பக்கம் மின்வேலை செய்பவன். (முதல் வரைவில், இரக்கம் வரட்டுமென்று அவனுக்கு ஓர் இருமல் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவனுக்கு அது தேவையில்லை.) அல்பம் அவனுடையது. ஏழு பாட்டும் அவனே எழுதி, வீட்டு அறையில் பாடிப் பதிந்தவை.

குசினியில் கீர்த்தனி எங்கள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவர் இதை நினைச்சே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்."

"ஏலாது கீர்த்தனி," என்றாள் ஸுல்பிகா. "மத்த ஆக்களுக்கு ஒரு நியாயம், உங்கட வீட்டுக்கு ஒரு நியாயமா?"

4

கேட்டோம். கடைசிப் பாட்டும் முடிந்தது. இராகுலன் கதிரை நுனியில் இருந்தான்.

"ஆறு பாட்டு எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு தம்பி," என்றாள் ஸுல்பிகா. "அஞ்சாவது உங்கட குரல் இல்ல. ஆரோ பெரிய பாடகர் மாதிரிப் பாடப் பாத்திருக்கிறீங்க."

"எனக்கு அதுதான் எல்லாத்திலும் பிடிச்சது," என்றேன் நான். பொய்யில்லை. அந்தப் பாட்டில் போரில் இடம்பெயர்ந்து சம்பூருக்குத் திரும்பிப்போகும் ஒரு குடும்பம், தங்கள் வீட்டு வாசல் எதுவென்று தேடுகிறது. எனக்குக் கண் கலங்கியிருந்தது.

"சொல் நல்லம். அழுகை கடன் வாங்கினது," என்றாள் அவள்.

"அதை எப்பிடி நீங்கள் சொல்லலாம்?" நான் குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். கீர்த்தனி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கோ, போவம்."

இராகுலன் எழவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு.

"இரும் கீர்த்தனி. இவ்வளவு நாளா எல்லாரும் 'சுப்பர்' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம். ஒருத்தரும் அஞ்சாவது பாட்டுவரைக்கும் கேக்கேல்லை."

5

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் அதன் பிறகும் நடந்தது. கீர்த்தனி சில கிழமைகள் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, ஒன்றும் நடக்காதது போல வட்டிலப்பத்துக்குக் கை நீட்டினாள். இராகுலன் ஆறு பாட்டுகளோடு அல்பத்தை வெளியிட்டான். நான் ஸுல்பிகாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

நேற்று அவன் எனக்கு மட்டும் ஒரு பாட்டு அனுப்பினான். ஐந்தாவது. திரும்பப் பாடியிருக்கிறான். கூடவே ஒரு குரல்பதிவு: "அக்கா, நான் திரும்பப் பாடினது எண்டு முன்கூட்டிச் சொல்லாமல் ஸுல்பிகா அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்கோ."

கேட்டேன். முன்னையதைவிட மெதுவாக இருக்கிறது. ஓரிடத்தில் குரல் உடைகிறது. அவன் அதைத் திருத்தவில்லை. எனக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது. அப்படிச் சொல்லும்போதே சந்தேகமாகவும் இருக்கிறது.

6

நாளை ஞாயிறு. என் முறை. இந்தப் பாட்டைத்தான் போடப்போகிறேன்.

முடிவு ஒன்று: ஸுல்பிகா அழுகிறாள். (அடித்துவிட்டேன். அவள் அழுது நான் கண்டதில்லை.)

முடிவு இரண்டு: "இதுவும் சரியில்ல," என்கிறாள், இராகுலன்

(இதையும் நிறுத்திவிட்டேன். அவள் வாயில் நான் சொல் வைத்தால் அது என் சொல்லாகிவிடும். அவளைப் பற்றி நான் பெருமைப்படுவதே, அவள் என்ன சொல்வாள் என்று என்னால் ஊகிக்க முடியாததற்காகத்தான்.)

ஒரு வரி இடம் விடுகிறேன். நீங்கள் எழுதுங்கள். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக மட்டும் எழுதாதீர்கள்.

ஸுல்பிகா சொன்னாள்: "