சகாதேவனை மடக்கிய களிமண்

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைப் புரிந்துகொண்டு படிப்பவன் கோழை. வீரன் மனப்பாடம் செய்வான்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டருகே நின்று சகாதேவன் இதை அறிவித்தான். 2005-இல் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்த நாங்கள் நம்பினோம். கைடை வரிக்கு வரி விழுங்கினேன். பரீட்சையில் மூலக்கூறின் படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். அவன் எல்லைக்கோட்டில் தப்பினான், எனக்கு அரியர்.

"நீ ஒழுங்கா மக்கப் அடிக்கலடா," என்று ஆறுதல் சொன்னான். அன்றே அவனைப் பழிவாங்க முடிவு செய்தேன்.

பழிவாங்கும் வரிசையில் எனக்கு முன்பே எங்கள் வகுப்பு மேரிசெல்வி நின்றாள். உப்பளத்துக் களிமண்ணை உருட்டி, ஈர்க்குச்சி செருகி, மூலக்கூறு செய்து, கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் படிப்பவள். "ஏம்மா, கொழுக்கட்டை வெந்துடுச்சா?" என்று கேட்டு சகாதேவன் அதைப் பிடுங்கி பஸ் ஜன்னல் வழியே வீசியிருந்தான். அவள் அழவில்லை. "இருக்கட்டும்," என்றாள். அந்த 'இருக்கட்டும்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

செமினார் அன்று சகாதேவன் லாக்டிக் அமிலத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மேரிசெல்வி எழுந்துபோய் அந்த அமிலத்தின் நடுக் கார்பனாக மேசைமேல் இரண்டு களிமண் உருண்டைகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் நாலு குச்சி. நுனிகளில் மஞ்சள், குங்குமம், நீலம், கரி பூசிய உருண்டைகள்.

"ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுதான். அதே நாலு கலர்தானே?"

"அப்ப இது மாதிரியே அதை நிக்க வெச்சிக் காட்டு."

சகாதேவன் திருப்பினான். மஞ்சளும் குங்குமமும் பொருந்தின; நீலமும் கரியும் இடம் மாறின. கவிழ்த்தான். நீலமும் கரியும் பொருந்தின. மற்ற இரண்டும் மாறிக்கொண்டன. வியர்வையைத் துடைத்தான். மூக்கில் குங்குமம் ஏறியது.

"கைடுல எந்தப் பக்கம்டா இருக்குது?" என்றேன், மிகுந்த மரியாதையுடன். வகுப்பே பெஞ்சைத் தட்டியது. சாரும் சிரித்துவிட்டார்.

"கண்ணாடியில பாத்தா வலது கை இடது கையா தெரியுதில்ல, அது மாதிரிதான்," என்றாள் மேரிசெல்வி. "ரெண்டும் வேற. கையில எடுத்துப் பாத்தா தெரிஞ்சிருக்கும். நீதான் வெளிய எறிஞ்சிட்டியே."

எனக்குப் பழி போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மீதியையும் தீர்த்துவிட அவன் வீட்டு உப்பளத்துக்குச் சைக்கிளில் போனேன். வழியெல்லாம் கிண்டல்களை ஒத்திகை பார்த்தேன்.

அவன் வரப்பில் முதுகு காட்டிக் குந்தியிருந்தான். மணி அடித்தேன். திரும்பவில்லை. முழங்கைவரை சேறு. ஒரு கார்பனை முடித்து வரப்பில் நிற்க வைத்துவிட்டு, அடுத்ததற்கு ஈர்க்குச்சி ஒடித்துக்கொண்டிருந்தான்.