காரணம் இல்லாத மூன்று ரன்கள்

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வலது கையில் கட்டுப் போட்டுக் கழுத்தோடு தொங்கவிட்டிருந்த ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எதுக்கு? லிஃப்ட் ஓடாதா?" என்றாள்.

வேறு யாரோ.

"அஞ்சு நிமிஷத்துல ஓடும்" என்று சொன்னேன்.

மறுநாள் காலை எழுத உட்கார்ந்தேன். பதினான்கு வருடங்களாகத் தள்ளிப்போட்ட கதை. (அதற்குள் மற்றவர்கள் செய்த தவறுகளை வைத்து இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டுவிட்டேன். அது எனக்குச் சுலபமாக வரும்.)

2

முதல் வரி இப்படி இருந்தது: "மைதானத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த..." அடித்துவிட்டேன். பழியை வெயில் மேல் போடுகிற தொனி வந்தது.

இரண்டாவது: "பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சாஃப்ட்பால் போட்டியின் விதிமுறைகளை மீறாமல்..." இது வக்கீல் பேச்சு.

மூன்றாவது: "நான் அந்த அணியின் பயிற்சியாளன், நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை."

இது இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பேட்டைப் பெண்களுக்கு நான்தான் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை வீசுவாள். மட்டை பிடித்தவள் அடித்துவிட்டு ஓடுவாள். நான்கு மூலைகளிலும் உள்ள பேஸ்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால்தான் அடுத்த அணி மட்டை பிடிக்கும். மூன்று பேரை அவுட் ஆக்கத் தெரியாத அணிக்கு விடிவே கிடையாது.

எங்களிடம் மாட்டிய அணி அப்படிப்பட்டது. சரியாக ஒன்பது பெண்கள், மாற்றாள் கிடையாது. பயிற்சியாளர், அவர்கள் பள்ளியின் நூலகர் அம்மா. விளையாட்டு ஆசிரியர் வேலையை விட்டுப் போனதும், விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பொறுப்பேற்றவர். ஆட்டத்தின்போதும் புத்தகம் கையில் இருந்தது. விரலை நடுவில் விட்டுப் பிடித்திருந்தார்.

பிட்சர் ஒரே ஒருத்தி. தோழிகள் அவளை மைனா என்று கூப்பிட்டார்கள். பதினோரு வயது, மெலிந்த பெண். ஒவ்வொரு ரன் போனதும் திரும்பி ஸ்கோர் போர்டைப் பார்ப்பாள். அது ஒற்றை இலக்கப் பலகை. ஒன்பதைத் தாண்டியதும், மாட்ட இடமில்லாமல், முன்னால் சாக்கட்டியால் '1' என்று எழுதினார்கள்.

3

பல போட்டிகளில் வித்தியாசம் பதினைந்தைத் தாண்டினால் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். அந்தப் போட்டியில் அப்படி ஒரு விதி இல்லை. சமநிலை வந்தால் ரன் வித்தியாசம்தான் யார் மேலே போவது என்று முடிவு செய்யும். நாங்கள் அரையிறுதிக்குப் போக இருபத்தெட்டு ரன் வித்தியாசம் தேவைப்பட்டது. உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன்.

அவர்கள் ஒரு ரன்கூட எடுக்காமல் நாங்கள் பதினாறுக்கு வந்தபோது அம்பயர் என்னிடம் நடந்து வந்தார். வார நாட்களில் தையல்கடை நடத்துபவர். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், பேஸ்ல நிக்கிற பொண்ணுங்களைப் பந்து வீசறதுக்கு முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க. நான் அவுட் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது. மரியாதையா முடிச்சுக்கலாம்."

"இப்படி முடிக்கணும்னு ரூல்ல இருக்கா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ரூல்ல இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நூலகர் அம்மா வந்தார். "சார், ரெண்டு நிமிஷம் தண்ணி குடிக்க விடலாமா? எங்க பிட்சருக்குக் கை நடுங்குது."

"தாராளமா குடிக்கட்டும் மேடம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் என் பெண்களைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு களைச்சுட்டா. முதல் பந்தையே அடிங்க" என்றேன்.

(முதல் வடிவத்தில் இந்த வாக்கியம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.)

4

இருபத்தாறில் என் மகள் மட்டை பிடிக்க வந்தாள். அவளுக்கும் பதினோரு வயது. அணியில் அவள்தான் கெட்டிக்காரி. அன்று ஏற்கெனவே மூன்று தடவை எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்திருந்தாள்.

மைனாவால் வீச முடியவில்லை. பந்து மிதந்து வந்தது, குழந்தைக்குப் போடுகிற மாதிரி. என் மகள் மட்டையைச் சுழற்றினாள். படவில்லை. இரண்டாவது பந்துக்கும் ஒரு முழத்துக்கு மேலே சுழற்றினாள். மூன்றாவதும் அப்படியே. அவுட்.

வேண்டுமென்றே செய்தாள். ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, போதும் என்று முடிவெடுத்தாள். அவ்வளவு பெரிய மைதானத்தில் பெரியவர்கள் யாருக்கும் வராத புத்தி அவளுக்கு வந்தது.

நான் எல்லார் முன்னாலும் அவள் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கினேன். "யார்கிட்ட நல்ல பேர் வாங்கப் பாக்குற?" என்று கத்தினேன். "போய் உக்காரு. இன்னிக்கு உனக்கு ஆட்டம் கிடையாது."

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

5

அடுத்தவள் அடித்தாள். இருபத்தேழு. இருபத்தெட்டு. என் உள்ளங்கையில் இருந்த எண் வந்துவிட்டது.

நான் நிறுத்தவில்லை.

இருபத்தெட்டு வரைக்கும் என்னிடம் காரணம் இருந்தது. கேவலமானதுதான், ஆனாலும் இருந்தது. இருபத்தொன்பதுக்கும் முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் என்ன காரணம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மூன்று ரன்களும் வந்தபோது நான் கைதட்டினேன் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. நன்றாகவே தட்டினேன். எனக்கு...

(வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். அடுத்த சொல் 'பிடித்திருந்தது'.)

ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கினார்கள். மைனா இடது கையை நீட்டினாள். மரியாதை தெரியாத பெண் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன்: வலது கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியாமல் வைத்திருந்தாள்.

"நல்லா ஆடினீங்க சார்" என்றாள். சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

வேறொரு மைதானத்தில் நடந்த எங்கள் பிரிவின் இன்னொரு ஆட்டம் மழையால் பாதியில் நின்றுபோனது. கணக்கு குழம்பிவிட்டதால் அரையிறுதிக்குக் குலுக்கல் போட்டார்கள். எங்கள் சீட்டு வரவில்லை. முப்பத்தொரு ரன்னும் எதற்கும் உதவவில்லை.

அடுத்த வருடம் நூலகர் அம்மாவின் பள்ளியிலிருந்து அணியே வரவில்லை. "ஒன்பது பேர் சேரலையாம்" என்றார் அம்பயர்.

6

ஒரு வடிவத்தில் மைனாவைப் பெரிய வீராங்கனை ஆக்கினேன். பத்திரிகைக்காரர் கேட்கும்போது, "அந்தத் தோல்விதான் என்னை வளர்த்தது" என்று சொல்ல வைத்தேன். கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் டாக்டர் ஆக்கினேன். மூன்றாவதில் என் வீட்டுக்கே வர வைத்து மன்னிக்கச் செய்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் உண்மையான பெயர்கூட எனக்குத் தெரியாது. ஸ்கோர் தாளில் இருந்திருக்கும். நான் ரன் பத்தியை மட்டும்தான் பார்த்தேன்.

ஆகவே கதையை என் மகளை நம்பி எழுதினேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவள் மட்டையைத் தொடவே இல்லை. ஒரு வாரம் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ செஞ்சதுதான்மா சரி" என்றேன். அவள் சரி என்றாள். எல்லாம் பாழாய்ப் போன அந்த நாளில் ஒரு நல்ல காரியமாவது நடந்தது, அதை என் வயிற்றில் பிறந்த... (அப்பாக்கள் இப்படிச் சொல்லக் கூடாதோ? சரி, என் வீட்டில் பிறந்த) பிள்ளை செய்தது என்ற ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

7

என் மகள் இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் எக்ஸ்ரே எடுக்கிறாள். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தவளிடம் இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். சமையலறை மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே படித்தாள். நான்காம் பகுதியில் கை நின்றது.

"அப்பா, இது கதைதானே?"

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன்."

"இது நடக்கலப்பா." ஆரஞ்சைத் தட்டில் வைத்தாள். "நான் வேணும்னு அவுட் ஆகல. அடிக்கப் பாத்தேன். படல."

நான் தாளை என் பக்கம் இழுத்து நான்காம் பகுதியைத் திரும்பப் பார்த்தேன்.

"நாலாவது ஹோம் ரன் அடிக்கணும்னு இருந்தேன். பந்து அவ்வளவு மெதுவா வரும்னு நினைக்கல. அவசரப்பட்டுச் சுத்திட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சியை நான் பாக்கவே இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? முதல்ல நான் செய்யாததுக்குத் திட்டினீங்க. அடுத்த வாரம் நான் செய்யாததுக்கு அழுதீங்க. அப்புறம் என்னை ஏதோ பெரிய மனுஷி மாதிரி பாக்க ஆரம்பிச்சீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

"அதுக்காகவா ஆட்டத்தை விட்ட?"

"திரும்ப மட்டையைப் பிடிச்சா நான் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்ல."

அவள் ஆசையாக விளையாடிய ஆட்டம். தூங்கும்போதுகூட மட்டையைச் சுழற்றுகிற மாதிரி கை அசையும். பதினோரு வயதில், என்னிடம் நல்லவளாக இருப்பதற்காக, அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எதிரணிக்கு நான் செய்தது ஒரு மணி நேரம். இவளுக்குச் செய்தது பதினான்கு வருடம்.

"அந்தப் பகுதியை எடுத்துடறேன்" என்றேன்.

"வேணாம்ப்பா. நீங்க எழுதின அந்த மக நல்லாத்தான் இருக்கா. அவளை அப்படியே விடுங்க. அது நான் இல்ல, அவ்வளவுதான்."

மீதிச் சுளைகளை என் பக்கம் நகர்த்திவிட்டு, தட்டைக் கழுவி வைத்து, வேலைக்குக் கிளம்பினாள்.

8

நான்காம் பகுதியை நான் திருத்தவில்லை. நீங்கள் படித்தது அவள் படித்த அதே பகுதிதான். அதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மைதானத்தில் யாரும் நிறுத்தவில்லை. கேட்டவர்கள் இரண்டு பேர். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் அடித்தார்கள், ஓடினார்கள், கைதட்டினார்கள். இதற்கு மேல் என்னிடம் உண்மை இல்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது யாராவது ஒருவரையாவது நல்லவராக வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.