குதிரைக்குப் பக்கத்து ஆணி

பிஸ்கட் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறைச் சுவரில் குதிரைக்குக்கூடப் படம் இருந்தது. ஸ்ரனிஸ்லாஸுக்கு இல்லை. அவருடைய நெஞ்செரிச்சலுக்கு அதுதான் காரணம். டாக்டர் அது தெரியாமல் மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுவரில் முதலாவதாக, ஜெர்மனியிலிருந்து வந்து தொழிற்சாலையைத் தொடங்கிய முதலாளி, மீசையோடு. அடுத்தது அடுப்புக் கட்டிய சுவீடன்காரர். பிறகு பெட்டி அடுக்கிய பின்லாந்துப் பெண்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. கடைசியில் மா மூட்டை இழுத்த குதிரை. அதற்குக் கீழே அதன் பெயரும் எழுதியிருந்தது. ஒஸ்லோவின் இந்தப் பக்கத்தை ஐரோப்பாவின் மூலை முடுக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் கட்டி எழுப்பினார்கள் என்று அந்தச் சுவர் சொல்லிக்கொண்டிருந்தது. நொர்வேயின் வடமுனையிலுள்ள ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டிவிட்டு வந்து, இருபது வருடமாக அதே அடுப்பின் முன்னால் வெந்துகொண்டிருக்கும் தமிழர்களைப் பற்றி அது மூச்சே விடவில்லை.

அவர்களில் ஒருவரான ஸ்ரனிஸ்லாஸுக்கு அடுத்த வருடம் பென்சன். குதிரைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி வெறுமனே நின்றது. ஒவ்வொரு மத்தியானமும் பாணைக் கறியில் தோய்த்தபடி அவர் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2007ஆம் ஆண்டு தொழிற்சாலைக்கு நூறு வயது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த பெரித் என்ற பெண் அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“உங்கள் நாட்டவர்கள் சார்பில் உங்களுடைய படத்தைச் சுவரில் மாட்டப்போகிறோம். சம்மதமா?”

அவள் கேட்டு முடிக்குமுன் அவர் சம்மதித்துவிட்டார்.

“நல்லது. போலந்துக்காரர்கள் இல்லாமல் இனி இந்தத் தொழிற்சாலையே ஓடாது” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

ஸ்ரனிஸ்லாஸ் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் பிறந்த பாசையூர்க் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார் ஒரு புனிதரின் பெயரை வைத்துவிட்டுப் போனார். அந்தப் புனிதர் போலந்துக்காரர் என்பது பாசையூரில் ஒருவருக்கும் தெரியாது. பெயர்ப்பட்டியலைப் பார்த்த பெரித்துக்கு வேறொன்றும் தெரியாது.

மறுநாள் அடுப்படியில் சிநேகிதர் ஸ்ரீஸ்கந்தராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப நீ இப்ப வெள்ளைக்காரனோ மச்சான்?”

“பகிடி விடாதை. பெயரைப் பாத்து மாறி நினைச்சிட்டினம்.”

“என்ரை பெயரைப் பாத்து ஒருத்தரும் மாறி நினைக்க மாட்டினம். அதை வாசிச்சு முடிக்கவே அவைக்கு நடுவில ஒரு கோப்பி வேணும். சரி, உண்மையைச் சொல்லப் போறியோ?”

“சொன்னா ஆணி போயிடும்.”

“முகத்துக்கு என்ன செய்வாய்? மா பூசுவியோ? இஞ்சை மூட்டை மூட்டையாக் கிடக்கு.”

வீட்டில் மனைவி புஷ்பராணி சிரிக்கவில்லை.

“இஞ்சருங்கோ, பொய் சொல்லித்தான் குதிரைக்குப் பக்கத்தில தொங்க வேணுமே?”

“நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. அவள்தான் சொன்னவள்.”

“ஓம், அதை அப்பிடியே சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ.”

விழா நாளில் ஸ்ரனிஸ்லாஸ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். அவரைக் கண்டதும் பெரித்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால், நிறத்தைப் பார்த்து ஊரைக் கேட்பது மரியாதை இல்லை என்று போன வாரம்தான் அலுவலகத்தில் வகுப்பு வைத்திருந்தார்கள். எனவே அவள் மீதிச் சிரிப்பையும் சிரித்தாள். இப்போதைய முதலாளியும் சிரித்தார். படம் எடுத்தவர் விளக்கை மட்டும் கொஞ்சம் கூட்டினார். படத்தை அங்கேயே அச்செடுத்து, சட்டத்தில் போட்டு மாட்டினார்கள். கீழே ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த பெயர். அதற்குக் கீழே, போலந்து.

அத்தோடு முடிந்திருக்கும். முதலாளிதான் கேக்கும் கையுமாக வந்து, “உங்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்றார்.

பின்னால் நிஜப் போலந்துக்காரர்கள் நின்றார்கள். நல்லவேளையாக, அவர் போகும் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் போலந்துப் பூசை. கார் நிறுத்த இடம் பிடிக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஞாயிறும் முன்கூட்டியே போய்ப் பின்வரிசையில் நிற்பார். தமிழன் நேரத்துக்கு முன்னால் போகும் ஒரே இடம் அதுதான். அவர்கள் கடைசியில் பாடும் மாதா பாட்டு, ஒரு சொல்லும் விளங்காமலே, அவருக்கு முழுப் பாடம்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினார். போலந்துக்காரர்களில் மாரெக் என்ற பெரிய உடம்புக்காரன் கேக்கை வைத்துவிட்டுச் சேர்ந்து பாடினான். மற்றவர்களும் சேர்ந்தார்கள். முடிந்ததும் மாரெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவர் எங்கள் ஆள்! ஞாயிறு தோறும் வருகிறார்!” என்று அவரைக் கட்டிப்பிடித்தான். கைதட்டலில் கோப்பைகள் அதிர்ந்தன.

ஆணி இனி அவருக்குத்தான். மாரெக்கின் தோளுக்கு மேலால் ஸ்ரனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். கதவடியில் ஸ்ரீஸ்கந்தராசாவும் மற்றத் தமிழர்களும் மா படிந்த உடுப்போடு நின்றார்கள். பகிடி பண்ண ஓடிவந்திருக்க வேண்டிய ஸ்ரீஸ்கந்தராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ரனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தார். குதிரை குதிரையாகவே தொங்கியது.

“நான் போலந்து இல்லை” என்றார், நொர்வேஜிய மொழியில், எல்லோருக்கும் கேட்க. “பாசையூர்.”

பெரித் நம்பிக்கையோடு கேட்டாள்: “அது கிராக்கோவுக்குப் பக்கமா?”

“இல்லை. யாழ்ப்பாணம். இலங்கை. அந்தக் கதவடியில் நிற்கிறவர்களும் அங்கேதான். படத்தைக் கழற்றுவதென்றால் கழற்றுங்கள்.”

முதலாளி சட்டைப் பையிலிருந்து தடித்த பேனையை எடுத்து, போலந்தை வெட்டப் போனார். மாரெக் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

“வெட்டக் கூடாது! பாடினவர் எங்கள் ஆள்!”

நொர்வேக்காரர்களுக்குச் சண்டை பிடிக்காது. முதலாளி போலந்தை அப்படியே விட்டு, கீழே ‘பாசையூர்’ என்று எழுதினார்.

ஸ்ரீஸ்கந்தராசா கிட்ட வந்து, தலையைச் சரித்து வாசித்தார்.

“மச்சான், பாசையூர் எப்ப போலந்துக்குப் போனது?”

“அதை விடு. ஆணி ஆடுதோ எண்டு பார்.”

ஸ்ரீஸ்கந்தராசா சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதிலிருந்து கதவு வரைக்கும் வெறுமையாகக் கிடந்த சுவரைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஸ்ரீஸ்கந்தராசா சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது, பாணுக்கு மேலே ட்வெய்ட்டாக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு பெட்டி ஆணியும் சுத்தியலும் இருந்தன.